பன்னிரண்டு நாள், பதினஞ்சாயிரம், மூணு வீடு!

‘கல்யாணம் ஆகி முதல் கோடை... எங்கே டிரிப்? மணாலியா, மாலத்தீவா?’

ஆபீஸில் இதைக் கேட்காத ஆளில்லை. ‘‘காரைக்குடி, ராமேஸ்வரம், செங்கோட்டை’’ என்றேன். ‘‘ஓ... கோயில் டூரா?’’ என்றாள் பக்கத்து ஸீட் தோழி. ‘‘இல்லப்பா, சொந்தக்காரங்க டூர்!’’

சிரிக்காதீங்க. 2025 மே மாதம், வீட்டு அட்வான்ஸ், கல்யாணக் கடன் எல்லாம் போக எங்கள் இருவர் கையிலும் சேர்த்து மிஞ்சியது சுளையாகப் பதினஞ்சாயிரம் ரூபாய். லீவு பன்னிரண்டு நாள். மணாலிக்குப் போனால் போகலாம்... திரும்பி வர டிக்கெட்டுக்குக் காசு இருக்காது!

ஸோ, நம்மாளு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் மூன்று சட்டங்கள் எழுதினார். ஒன்று, எந்த ஊரிலும் ரூம் போடக் கூடாது. சொந்தக்காரங்க வீடுதான் லாட்ஜ். ரெண்டு, ஏ.சி. டிக்கெட் கிடையாது. மூணு, பத்து ரூபாய் டீயாக இருந்தாலும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

நான்காவதாக ஒரு விஷயம் இருந்தது. அதை ரெண்டு பேருமே எழுதவில்லை. எங்களுடையது காதல் கல்யாணம். ரெண்டு வீட்டையும் சரிக்கட்ட ரெண்டரை வருஷம் ஆச்சு. எல்லோரும் இறங்கி வந்தார்கள், செங்கோட்டைத் தாத்தாவைத் தவிர. ‘‘நான் வாக்குக் குடுத்து வெச்ச பொண்ணு சொந்தத்துல இருக்கு’’ என்று சொல்லி, கல்யாணத்துக்கே வரவில்லை மனுஷர். நாங்கள் போகிற கடைசி வீடு, அவர் இருக்கிற வீடு!

<b>வெள்ளை போர்டு மகாராணி</b>

எழும்பூரில் மதியம் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் ராத்திரி காரைக்குடி. என் அம்மா வீடு. கேட்கணுமா... மாப்பிள்ளைக்கு முதல் நாளே வெள்ளைப் பணியாரம், மிளகாய்ச் சட்னி. நான் கேட்டால் ‘‘மாவு இல்லடி’’ என்று சொல்கிற அதே அம்மா!

வெளியே அக்னி வெயில் கொளுத்த, ஆத்தங்குடிக்கு டவுன் பஸ் பிடித்தோம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் எனக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, நம்மாளிடம் ‘‘சார் காசு?’’ என்று கை நீட்டினார். அன்று முதல் டவுன் பஸ் செலவு நோட்டில் அவர் பெயரில் மட்டும்தான்!

ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்கிறார்கள் என்று நான் அந்த ஊர்ப் பக்கத்திலேயே வளர்ந்தும் பார்த்ததில்லை. சூளை, நெருப்பு எதுவும் கிடையாது. ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் சட்டம். உள்ளே பூ டிசைன் அச்சை வைத்து, கலர் கலராகச் சிமென்ட் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்துகிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குள் சில நாள் ஊறல். கண்ணாடியைக் கழற்றினால் பளபளா! அந்த மினுமினுப்பு பாலிஷ் இல்லை, கண்ணாடி விட்டுப் போன வழவழப்பு. ‘‘நடக்க நடக்கத்தான் இது இன்னும் பளிச்னு ஆகும்’’ என்றார் வேலை செய்துகொண்டிருந்த அண்ணன்.

மூன்றாம் நாள் காலை நாலரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுப்படியில் லைட். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ‘‘என்னம்மா இந்நேரத்துக்கு?’’ ‘‘வெயில் ஏறுனா அடுப்புகிட்ட நிக்க முடியாதுடி.’’ எழுந்து நடந்தபோது இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். பத்து வருஷ இடுப்பு வலி. நோட்டில் ‘தங்கல், சாப்பாடு: 0’ என்று நாங்கள் பெருமையாக எழுதி வைத்திருந்தது சட்டென்று உறுத்தியது.

நம்மாளிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் நான்காவது சட்டத்தை எழுதினார். ‘ஒவ்வொரு வீட்டிலும் தினம் ஒரு வேளை நம்ம சமையல். பாத்திரமும் நம்மளே.’ அன்று ராத்திரி மாப்பிள்ளை கையால் தக்காளிச் சாதம். உப்பு தூக்கல். அப்பா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்!

<b>கடல் லீவு விட்ட ஊர்</b>

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் ராமேஸ்வரம். சித்தி வீடு. அங்கேதான் எங்களுக்கு அடுத்த குட்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இதைப் பேப்பரில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஆனால், படகு போகாவிட்டால் ஐஸ் தேவைப்படாது, ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கும் சித்தப்பாவுக்குச் சம்பளமும் பாதியாகிவிடும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. நாங்கள் போய் இறங்கியது சரியாக அந்த நேரத்தில். மதியம் இலையில் மீன் குழம்பு, வறுவல், நண்டு. நாட்டுப் படகு மீன், தடைக்காலத்தில் விலையும் அதிகம். தங்கச்சிதான் என் காதில் சொன்னாள்... ‘‘அம்மா நேத்து பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்குச்சுக்கா.’’

சாப்பிட்டது தொண்டையில் நின்றது. பணமாகக் கொடுத்தால் சித்தி வாங்க மாட்டார், கோபமும் வரும். சாயங்காலம் ‘சும்மா கடைக்கு’ என்று கிளம்பி, அரிசி, பருப்பு, எண்ணெய் என்று ஒரு மாத மளிகையை வாங்கி வந்து இறக்கினோம். ‘‘ஏண்டி, நீ விருந்துக்கு வந்தியா, சீர் செய்ய வந்தியா?’’ என்று திட்டிக்கொண்டேதான் எடுத்து வைத்தார். கண்ணைத் துடைத்ததை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோன ஊர். முன்பெல்லாம் மணலில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்துவிட்டது. ஒரு பக்கம் குளம் மாதிரிக் கடல், இன்னொரு பக்கம் சீறுகிற கடல், நடுவில் நாம். இடிந்த சர்ச் சுவரோரம் சங்கு மாலை விற்கும் பாட்டி, ‘‘புதுசாக் கல்யாணம் ஆனவுகளா?’’ என்று கண்டுபிடித்து, பத்து ரூபாய் குறைத்தார்!

திரும்பும்போது ரிசர்வேஷன் இல்லாத மதுரை பாசஞ்சர். பாம்பன் வந்ததும் மொத்தப் பெட்டியும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. 1914-ல் திறந்த பழைய பாலம், கப்பல் வந்தால் ரெண்டு கையையும் தூக்குகிற மாதிரிப் பிளக்கும். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுபோனது. பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தை 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தார்கள். இதில் 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறும். புதுசில் போய்க்கொண்டே பழசைப் பார்ப்பது ஒரு மாதிரி இருந்தது. பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார்.

<b>கொடைக்கானல் போயிடலாமா?</b>

மதுரை ஜங்ஷனில் செங்கோட்டை ரயிலுக்குச் சாயங்காலம் வரை காத்திருப்பு. நம்மாளு நோட்டைப் புரட்டிக்கொண்டே, ‘‘ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கு. ஹனிமூனே போகலை. கொடைக்கானல் போயிடலாமா? ரூம் எடுத்தாலும் ரெண்டு நாள் தாங்கும்’’ என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். கொடைக்கானல் ஆசை இல்லை அது. பயம்.

‘‘தாத்தாவுக்காகத்தானே?’’

‘‘உன்னை ஏதாச்சும் சொல்லிட்டா... அவரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பேசாம இருந்தா உனக்குத் துரோகம்.’’

ஒரு மணி நேரம் வாக்குவாதம். ரெண்டு டீ. கடைசியில், ‘‘சொன்னா நான் கேட்டுக்கறேன். நீ நடுவுல வராதே. போகாம இருந்தா அடுத்த வருஷமும் இதே பெஞ்சுலதான் உக்காந்திருப்போம்’’ என்றேன். ரயில் ஏறினோம். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ. ‘தாத்தாவுக்கு’ என்று நோட்டில் எழுதியது நான்.

<b>பதிமூணு கண்ணு</b>

செங்கோட்டையில் சாரல்தான் வரவேற்றது. வழக்கமாக ஜூனில்தான் சீஸன். 2025-ல் மே 24-ம் தேதியே கேரளாவில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டது. குற்றாலம் போனால் மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை! தூரத்தில் நின்று சாரலில் நனைந்துவிட்டு, பார்டர் பரோட்டா சாப்பிட்டுத் திரும்பினோம்.

வீட்டில் அத்தை என்னைக் கையில் வைத்துத் தாங்கினார். நம்மாளு அடுப்படிக்குள் நுழைந்து பாத்திரம் கழுவியதும் தெருவே வேடிக்கை பார்த்தது. தாத்தா மட்டும் திண்ணையில். ரெண்டு நாளாக என் பக்கம் திரும்பவில்லை. பால்கோவா பிரிக்காமலே இருந்தது.

அவர் மீட்டர்கேஜ் காலத்தில் செங்கோட்டை – புனலூர் பாதையில் கேங்மேனாக இருந்தவர். 1904-ல் மலையைக் குடைந்து போட்ட பாதை. 2010-ல் ரயிலை நிறுத்தி, அகலப் பாதையாக்கி, 2018-ல் திறந்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி கரன்ட் போயிருந்தது. அத்தையிடம், ‘‘பதிமூணு கண்ணுப் பாலம் பார்க்கணும் அத்தை, எந்த ரயில்ல போகணும்?’’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருட்டிலிருந்து குரல் வந்தது.

‘‘எந்தப் பக்கம் உக்காரணும்னு தெரியாம என்னத்தப் பாக்கப் போறிய?’’

எல்லோரும் கப்சிப்!

‘‘நீங்க வந்து காட்டுங்க தாத்தா’’ என்றேன். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு நம்மாளிடம், ‘‘ஏலே, காலைல நாலு மணிக்கு எந்திரிப்பியா?’’

விடியும் முன்னே சென்னை – கொல்லம் எக்ஸ்பிரஸ். ஏற்றம் கடுமை என்பதால் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டித் தள்ளுகிறார்கள். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும், ‘‘சுவத்துல குழி குழியா வரும் பாரு’’ என்று டார்ச் அடித்தார். உள்ளே வேலை செய்யும்போது ரயில் வந்தால் கேங்மேன்கள் ஒதுங்கி நிற்கிற மாடங்கள் அவை. ‘‘வண்டி நம்மளை உரசுற மாதிரிப் போவும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம்.’’ மழை ராத்திரிகளில் கையில் விளக்கோடு தண்டவாளத்தில் நடந்து மண்சரிவு பார்ப்பாராம். புதுப் பாதை திறந்ததிலிருந்து அவர் இதில் ஏறியதே இல்லை.

அவர் சொன்ன பக்கம்தான் உட்கார்ந்தோம். கழுதுருட்டிக்கு முன்னால், கல் தூண்கள் மேல் ரயில் வளைந்தது. கீழே ரோட்டில் லாரிகள் பொம்மை மாதிரி. ‘‘எண்ணு’’ என்றார் என்னிடம். எண்ணினேன். வளைவில் ரெண்டு கண்ணு விட்டுப்போனது. ‘‘பதினொண்ணுதான் வருது தாத்தா.’’ முதல் தடவையாகச் சிரித்தார். ‘‘திரும்பி வரும்போது மிச்சத்த எண்ணிக்கலாம்.’’

புனலூரில் இறங்கி, கல்லடையாற்றின் மேல் 1877-ல் கட்டிய தொங்கு பாலத்தில் நடந்தோம். வழுக்குகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மதிய ரயிலில் மிச்சக் கண்ணு ரெண்டையும் எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் கேட்டார்... ‘‘அந்தப் பால்கோவா எங்க?’’

ஊருக்குத் திரும்பப் பொதிகையில் ஏறும்போது என் கையில் நூற்றியொரு ரூபாய் வைத்தார்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். ரயில், பஸ் 2,460. டீ, டிபன், பரோட்டா 1,900. பழம், ஸ்வீட், மளிகை 5,340. ஆட்டோ, மற்றது 1,150. மொத்தம் 10,850 ரூபாய். மிச்சம் 4,150. அம்மாவின் இடுப்பைக் காட்ட டாக்டரிடம் அழைத்துப் போக அதை எடுத்து வைத்தோம். ‘தங்கல், சாப்பாடு: 0’ என்ற வரியை மட்டும் நம்மாளு அடித்துவிட்டார். தாத்தாவின் நூற்றியொரு ரூபாய் கணக்கிலேயே வரவில்லை. நோட்டுக்குள் அப்படியே இருக்கிறது!

<b>கையைக் கடிக்காமல் சுற்ற...</b>

* ரயில் ரிசர்வேஷன் 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்புதான் திறக்கிறது. லீவு தேதியை முதலில் முடிவு பண்ணுங்க.

* பகல் பயணத்துக்குப் பாசஞ்சர் ரயில் பெஸ்ட். காசும் கம்மி, பேச்சுத்துணையும் ஃப்ரீ!

* போகிற வீட்டுக்குப் பழக்கூடையைவிட, அரிசி பருப்பு உபயோகம். அந்த வீட்டுக்கு அது எந்த மாதிரி மாதம் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்க.

* ஒரு வேளையாவது நீங்க சமைங்க. உப்பு தூக்கலாக இருந்தாலும் பரவாயில்லை!