சித்ரா பௌர்ணமிக்கு லீவு போடு

சுருளிப்பட்டி

அன்புள்ள மலர்,

தோழிகளோடு ஒலிம்பஸ் ஏறிய படங்களைப் பார்த்தேன். ஸியூஸ் முதலான பன்னிரண்டு தெய்வங்கள் குடியிருந்த மலை, 2,918 மீட்டர் உயரம், 1913-இல்தான் மனிதக் கால் அதன் உச்சியில் பட்டது என்றெல்லாம் எழுதியிருந்தாய். கடைசியில், "ஊருக்கு வரும்போது நம்ம கண்ணகி மலைக்கும் ஒரு சனி, ஞாயிறு போயிட்டு வரலாமா அத்தை?" என்று கேட்டிருந்தாய்.

சனி, ஞாயிறு பார்த்துப் போகிற மலை இல்லையம்மா அது. அங்கே இருக்கிற மங்கலதேவி கோயிலுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுவார்கள், சித்ரா பௌர்ணமி அன்று. அதுவும் 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12 என்று தள்ளித் தள்ளி வரும். அதனால் காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடு. இன்னொன்று, அழகர் மதுரையில் ஆற்றில் இறங்குவதும் அதே நாள்தான். கண்ணகி எரித்த ஊர் அன்றைக்குத் திருவிழாவில் கிடக்கும், அவள் தெய்வமான மலையில் கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டில் ஒன்றுதான் உனக்கு வாய்க்கும்.

கதை உனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் மதுரை எரிந்ததோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் அவள் வையைக் கரையோடு மேற்கே நடக்கிறாள். மலையேறி ஒரு வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினான்காம் நாள் கோவலன் வானவர்களோடு வந்து அழைத்துப் போகிறான். இதை எந்த அரசனும் பார்க்கவில்லை, புலவனும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் மலைக்குறவர்கள். மலைவளம் காண வந்த சேரன் செங்குட்டுவனிடம் அவர்கள் போய்ச் சொன்ன பிறகுதான் அவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் எடுக்கிறான். இலங்கைக் கயவாகுவும் அந்த விழாவுக்கு வந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அங்கே சிங்களவருக்கு இன்றைக்கும் அவள் பத்தினி தெய்வம், மட்டக்களப்புத் தமிழருக்குக் கண்ணகி அம்மன். இவ்வளவும் காட்டில் திரிந்த சனங்களின் வாய்ச்சொல்லில் தொடங்கியது என்பதுதான் எனக்கு இந்தக் காப்பியத்திலேயே பிடித்த இடம்.

அந்த மலை எது என்பதில் பழைய உரைகாரர்களே ஒத்துப்போகவில்லை. திருச்செங்கோடு என்றார் ஒருவர். இல்லை, கொடுங்கோளூர்ப் பக்கம் என்றார் இன்னொருவர். நம் பக்கத்து ஆட்களுக்கு மங்கலதேவி கோயில் முன்பே தெரியும். அதுதான் கண்ணகி கோட்டம் என்று 1963-இல் சொன்னவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். காப்பியத்தையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, கண்ணகி போன வழியைத் தேடி நடந்து இங்கே வந்து சேர்ந்தவர். இப்படித் தமிழ் படித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள், சொல்!

ஏன் ஒரு நாள் மட்டும் என்று கேட்பாய். கோயில் எல்லையில் இருக்கிறது. பழைய சர்வேப்படி எங்களுடையது என்கிறது தமிழ்நாடு. எங்கள் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது என்கிறது கேரளம். ஒவ்வொரு ஆண்டும் தேனி, இடுக்கி கலெக்டர்கள் கூடிப் பேசித்தான் விழா நடக்கும். புகாரில் பிறந்து, மதுரையில் வழக்காடி, சேரநாட்டு மலையில் தெய்வமானவளுக்கு எல்லைத் தகராறு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த ஒரு நாள் கட்டுப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற நாளெல்லாம் யானை நிம்மதியாக நடமாடட்டும். ஆனால் கோயிலை இப்படி இடிந்து கிடக்க விட்டிருப்பதற்கு இரண்டு அரசுகளுக்குமே மன்னிப்புக் கிடையாது. சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கிய கருங்கல் சுவர்கள் பிளந்து, இடுக்கில் புல் முளைத்து நிற்கின்றன. விழுந்த தூண்மேலேயே உட்கார்ந்து சனங்கள் கட்டுச்சோறு பிரிப்பார்கள். உட்காரவேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது, அவ்வளவு ஏற்றம் ஏறி வந்திருப்பார்கள்.

இனி வழி. குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப் போகும். நம் பக்கம் கம்பம், கூடலூர் தாண்டி லோயர்கேம்ப் அருகே பளியங்குடி. அங்கிருந்து ஆறரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நடை. தொடக்கத்தில் மரநிழல் உண்டு, மேலே போகப் போகப் புல்மேடு, சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே நின்று திரும்பினால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், திராட்சைப் பந்தலும் வயலும் தென்னையுமாக. விடியுமுன் கிளம்பிவிடவேண்டும். மதியத்துக்குமேல் ஏற விடமாட்டார்கள், பொழுதோடு எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். பிளாஸ்டிக் பாட்டிலை அடிவாரத்திலேயே பிடுங்கிவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுவா. ஒலிம்பஸுக்குப் போட்ட அந்த பூட்ஸையே போட்டுக்கொள்.

உன் அப்பாவுக்கு மூட்டுவலி, அவன் குமுளி வழியாக ஜீப்பில் வரட்டும். நீயும் நானும் பளியங்குடி வழியாக ஏறுவோம். கூட்டம் சேருமுன் ஜீப்புக்கு வரிசையில் நிற்கவேண்டும் என்று அவனிடம் இப்போதே சொல்லி வை, கடைசி நேரத்தில் என்னைக் கத்துவான்.

அன்புடன்,
அத்தை