மலாவிக்குப் பெட்டி கட்டும் பிள்ளைகளுக்கு

மலாவியில் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தொண்டு செய்யப் புறப்படும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் நிறைகிறது. அவர்கள் கட்டும் பெட்டியைப் பார்த்தால்தான் கவலை. பாதிக்கு மேல் பழைய துணி. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியது. கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனால் போகிற இடத்தில் ஒன்றுமே இல்லை என்று எண்ணிக் கட்டிய பெட்டி அது.

பிளாண்டயர், லிலோங்வே சந்தைகளில் மேல்நாட்டுப் பழந்துணி பேல் பேலாக வந்து இறங்குகிறது. கவுன்ஜிகா என்பார்கள். அதைப் பிரித்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். பக்கத்து ஜாம்பியாவில் 1990களில் உள்ளூர் ஆடைத் தொழில் நொடித்துப்போனதில் இந்தப் பழந்துணி வரத்துக்கும் பங்குண்டு. மலாவிக்கு நாமும் ஒரு மூட்டை சுமந்துபோய் யாருக்கு என்ன ஆகப்போகிறது?

மருந்து இன்னும் மோசம். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை வாரிப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்தையும் இலவச சாம்பிளையும் தானமாக அனுப்பக் கூடாது, போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஓராண்டாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996லேயே வழிகாட்டு நெறி வகுத்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் மாத்திரையை அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?

கட்டாயம் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்றால், அங்குள்ள மேட்ரனுக்கோ தலைமையாசிரியருக்கோ முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அவர் கேட்டதை, கேட்ட அளவுக்கு எடுத்துப் போங்கள். அந்த ஊரிலேயே கிடைக்கும் பொருள் என்றால் அங்குள்ள கடையிலேயே வாங்கிக் கொடுங்கள். காசு அந்த ஊரில் புழங்கட்டும்.

உங்கள் உடம்புக்கு வேண்டியதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நீங்கள் காய்ச்சலில் படுத்தால், அந்த ஊர் நோயாளிக்கு உரிய கட்டிலும் நர்ஸின் நேரமும் உங்களுக்குப் போய்விடும். அங்கே பரவுவது பெரும்பாலும் உயிருக்கு உலைவைக்கும் ஃபால்சிபாரம் மலேரியா. டாக்டர் எழுதிக் கொடுக்கும் தடுப்பு மாத்திரையை முழுக் கணக்குக்கும் வாங்கி வையுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பின்னும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். வந்தாயிற்றே என்று பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

ஸ்வெட்டரை மறந்துவிடாதீர்கள். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்ற நினைப்பு நமக்கு. ஜூனும் ஜூலையும் அங்கே குளிர்காலம். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டெட்சாவில் ராத்திரி நடுக்கும். மின் பிளக் பிரிட்டிஷ் வகை, பட்டையான மூன்று முள்; அதற்கு ஓர் அடாப்டர் போதும்.

துணியை வெளியில் காயப்போட்டால் புட்சி என்ற ஈ ஈரத்துணியில் முட்டையிடும். புழு தோலுக்குள் புகுந்து கட்டியாகும். அதனால் உள்ளாடை வரைக்கும் சூடாக இஸ்திரி போட்டுத்தான் உடுத்த வேண்டும். அங்குள்ளவர்கள் சொல்லும்போது இதைத் தட்டாமல் கேளுங்கள். இஸ்திரி தாங்காத துணியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மலாவியின் முதல் அதிபர் பண்டாவின் ஆட்சியில் பெண்கள் கால்சட்டை அணிய அங்கே சட்டமே தடை போட்டிருந்தது. 1990களில் அது போய்விட்டது. ஆனாலும் கிராமத்துப் பெரியவர்கள் முழங்கால் மறைவதையே மரியாதையாகக் கருதுகிறார்கள். போனதும் சந்தையில் சிடெஞ்சே என்ற சுற்றுத்துணி இரண்டு வாங்கி இடுப்பில் சுற்றிக்கொள்ளுங்கள். அங்குள்ள பெண்களே கட்டக் கற்றுக்கொடுப்பார்கள்.

அரிசி, பருப்பு, மிளகாய்ப்பொடி எதையும் சுமக்க வேண்டாம். பிளாண்டயரை ஒட்டிய லிம்பேயில் இந்திய வியாபாரிகளின் கடைகள் உண்டு. அதைவிட, அந்த ஊர்க்காரர்கள் போடுவதைச் சாப்பிடுங்கள். மக்காச்சோள மாவில் கிண்டும் நிசிமா நம் கேழ்வரகுக் களி போலக் கெட்டியாக இருக்கும். கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். உருட்டி, கீரையோடோ மீனோடோ தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். கரண்டிகூட எடுத்து வைக்கத் தேவையில்லை.