அடுப்படி வாசலில் இருந்து தெரியும் படம்

டிவியில் கோடு விழுந்துவிட்டது என்று அப்பா போன் பண்ணினார். முதலில் பச்சையாக ஒரு கோடு, அப்புறம் மூன்று, ஒரே வாரத்தில் பாதித் திரை இருட்டு. பேனல் மாற்ற மெக்கானிக் கேட்ட காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாம். "நீயே பாத்து ஒண்ணு எடுத்துரு" என்றார். அப்பா என்னிடம் வாய்விட்டுக் கேட்பது அபூர்வம். அதனால் கொஞ்சம் மெனக்கெட்டேன். பட்ஜெட் 25,000 ரூபாய்.

பெங்களூரு அறையில் உட்கார்ந்து எக்செல் ஷீட் போட்டேன். இரண்டு வாரம் ராத்திரிகளில் அதுதான் வேலை. இந்த விலையில் வரும் 43 இன்ச் பெட்டிகளில் 4கே, ஹெச்டிஆர் என்று எல்லாமே எழுதியிருக்கும். ஹெச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி தயாரிக்கிறார்கள். பட்ஜெட் டிவி கொடுப்பது 250, மிஞ்சிப்போனால் 300. அந்த சிக்னலை அது வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்ட முடியாது. 4கே என்றால் 3840க்கு 2160 புள்ளிகள். எங்கள் வீட்டு கேபிளில் வருகிற பாதி சேனல்கள் 720க்கு 576. மீதியை டிவி தானாக ஊகித்து நிரப்ப வேண்டும். ஆக, ஸ்டிக்கர்களை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் நிஜமாக மிஞ்சுகிற கேள்வி ஒன்றுதான்: பேனல் விஏவா, ஐபிஎஸ்ஸா?

விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். கான்ட்ராஸ்ட் 3,000க்கு 1, சிலவற்றில் 5,000கூட. ஐபிஎஸ்ஸில் அது 1,000 பக்கம்தான் நிற்கும். லைட்டை அணைத்தால் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். ஆனால் விஏவை நேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நகர நகர நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது.

அப்பா ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, டிவிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பவர். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? விஏ என்று முடிவு பண்ணி, ஷீட்டில் மஞ்சள் அடித்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.

கோவில்பட்டியில் கடைக்கு அம்மாவும் வந்தாள். சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் கிளி, வெட்டின பழம், வாணவேடிக்கை. கடை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று நிறத்தை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். நான் கடைக்காரத் தம்பியிடம் பிக்சர் மோடை மாற்றச் சொல்லி, சாதாரண கேபிள் சேனல் போடச் சொன்னேன். ஏதோ ஒரு சீரியல் ஓடியது. நான் தேர்ந்தெடுத்திருந்த டிவிக்கு முன்னால் அப்பாவும் நானும் நின்றோம். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம்.

நாலு டிவி தள்ளி, சுவரை ஒட்டி நின்றுகொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போயி ஏம்மா நிக்க?"

"நான் இங்கன இருந்துதானல பாப்பேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. எங்கள் ஹாலில் டிவி இருக்கிற சுவரிலேயே கொஞ்சம் தள்ளித்தான் அடுப்படி வாசல். அந்த நிலைப்படியில் அருவாமனையைப் போட்டுக் காய் நறுக்கிக்கொண்டே, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் டிவியிலுமாக இருப்பாள்.

"இதுலயும் மூஞ்சி தெரியல" என்றாள்.

"இதுலயும்னா?"

"நம்ம வீட்டுலயும் அப்பிடித்தான இருந்துச்சு. வெளுத்துப்போயி. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். கொரல வச்சே யாருன்னு தெரிஞ்சுரும்ல."

வீட்டில் இருந்த அந்த டிவியை நான்தான் 2016-இல் முதல் சம்பளத்தில் வாங்கினேன். 32 இன்ச். அதற்கு முன்னால் இருந்தது, 2006-இல் ஆரம்பித்த அரசு இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 இன்ச் பெட்டி. குண்டுப் பெட்டி, சின்னப் படம். ஆனால் அதில் கண்ணாடிக்கு உள்பக்கம் பூசிய பாஸ்பரே ஒளிவிடும். அந்த ஒளி எல்லாப் பக்கமும் பரவும். நிலைப்படியில் இருந்தும் அம்மாவுக்கு முகம் தெரிந்தது. அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு நான் பெருமையாக மாட்டிய மெல்லிசு டிவியில், எட்டு வருஷம் அவள் ரேடியோ கேட்டிருக்கிறாள்.

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தத நொட்ட சொல்லுவாங்களா?"

எக்செல் ஷீட்டில் பதினொரு காலம் போட்டிருந்தேன். யார் எங்கே உட்காருவார்கள் என்று ஒரு காலம் இல்லை. அப்பாவின் நாற்காலி மட்டும் மனதில் இருந்தது. நான் ஊருக்குப் போனாலும் அவர் பக்கத்தில்தான் உட்காருவேன். அந்த இடத்தில் இருந்து பார்த்தால் எல்லா டிவியும் நன்றாகத்தான் தெரியும்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இதை எடுத்தால் ராத்திரிப் படத்தில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாத்தான் இருக்கும்ப்பா என்றேன். அவர் அம்மா நின்ற இடத்துக்குப் போய் நின்று இரண்டு டிவியையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. "அவ பாக்கறதையே எடு" என்றார்.

ஐபிஎஸ்ஸே எடுத்தோம். அன்றைக்கு ராத்திரி லைட்டை அணைத்ததும் நான் சொன்னபடியே ஆயிற்று. இருட்டுக் காட்சியில் புகைமூட்டம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது. மறுநாள் டிவிக்குப் பின்னால், திரையில் இருந்து பார்த்தால் தெரியாத மாதிரி ஒரு ஜீரோ வாட் பல்பு மாட்டினேன். பின்சுவரில் லேசாக வெளிச்சம் விழுந்தால் கண் அதற்குப் பழகிக்கொள்ளும், கறுப்பு இன்னும் கறுப்பாகத் தோன்றும். டிவி மாறவில்லை, கண்ணைத்தான் ஏமாற்றுகிறோம். "இப்ப பரவால்லப்பா" என்றார். முழுசாகப் பரவாயில்லை இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஊரில் இருந்து வந்து பத்து நாள் கழித்து அம்மா போன் பண்ணினாள். எடுத்ததுமே சீரியல் கதைதான்.

"ஏல, அந்த மாமியாக்காரி இருக்காள்ல, கொரலக் கேட்டு நல்லா வயசானவன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். பாத்தா, என்னைய விடச் சின்னப் பொம்பளையா இருக்கா!"