என் ஓட்டு அகத்தின் இரண்டாவது ஆல்பத்துக்கு

பெங்களூரு ராக் இசைக்குழு 'அகம்' பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் 2012இல் வந்த முதல் ஆல்பத்தைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். என் ஓட்டு 2017இல் வந்த 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' ஆல்பத்துக்கு.

முதலாவதில் வேகம் அதிகம். 'தனஸ்ரீ தில்லானா'வில் கிட்டாரும் டிரம்ஸும் குரலோடு மல்லுக்கு நிற்கும். கேட்க ஜோர்தான், ஆனால் ராகம் மூச்சுவிட இடமில்லை.

இரண்டாவதில் அந்த நிதானம் வந்துவிட்டது. 'ரங்கபுர விஹார' கேளுங்கள். ஸ்ரீரங்கம் அரங்கநாதர்மேல் முத்துசுவாமி தீட்சிதர் செய்த பிருந்தாவன சாரங்கா கீர்த்தனை. குழுவின் பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் அவசரமில்லாமல் பாட, வாத்தியங்கள் பின்னாலேயே மெல்ல மெல்ல ஏறுகின்றன. சில இடங்களில் டிரம்ஸ் சத்தம் சாகித்யத்தை அமுக்குகிறது என்பது மட்டும் குறை.

நாமக்கல் மலைக்கோட்டைக் குடைவரையிலும் அரங்கநாதர்தான் பள்ளிகொண்டிருக்கிறார். அதனாலோ என்னவோ, சேலம்–நாமக்கல் பஸ்ஸில் இந்தப் பாட்டைக் கேட்டால் நம்மூர்ப் பாட்டாகவே படுகிறது.

கச்சேரி ரசிகர்களே, முகம் சுளிக்காதீங்க. முதலில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியதைக் கேளுங்க, அடுத்து இதைக் கேளுங்க. எது பிடித்தது என்று கமெண்ட்டில் சொல்லுங்க.