புகைக்கு ரசீது கிடையாது

திங்கள்

கோர்ட் முடிந்து வந்தபோது ஆரணிப் பக்கத்து நெசவுக்காரம்மா ஒருவர் வாசலில் காத்திருந்தார். மகன் சென்னைப் புறநகரில் ஒரு ரசாயனக் கிடங்கில் லோடு ஏற்றி இறக்கியவன். கிடங்கு எரிந்த இரவு பேரல்களை வெளியே உருட்டச் சொன்னார்களாம், உருட்டியிருக்கிறான். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து நாலு படி ஏறினால் இரைக்கிறது, தறியிலும் உட்கார முடியவில்லை. "மேஸ்திரி கையில கொஞ்சம் காசு குடுத்து ஊருக்கு அனுப்பிட்டாரு சார். கேஸு போட்டா நிக்குமா?"

சட்டப்படி நிற்கும். அந்தம்மாவின் மஞ்சள் பையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

செவ்வாய், இரவு

எம்.சி. மேத்தா வழக்கை மறுபடி எடுத்தேன். போபால் நடந்து ஓராண்டு ஆன சமயம், 1985 டிசம்பர் 4, டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. தீஸ் ஹசாரி கோர்ட் வக்கீல் ஒருவர் அதில் இறந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. 1986 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தில் பகவதி தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் செய்பவர், எத்தனை கவனமாக இருந்திருந்தாலும், கேடு வந்தால் ஈடு கொடுத்தே தீர வேண்டும், நிறுவனம் பெரிதானால் தொகையும் பெரிது.

சட்டக் கல்லூரியில் இதை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். தீர்ப்பின் கடைசிப் பகுதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த அமர்வு ஒருவருக்கும் ஒரு பைசா விதிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்காக டெல்லி சட்ட உதவி வாரியம் உரிய கோர்ட்டில் வழக்குப் போடட்டும் என்று அனுப்பிவிட்டது. அங்கே போனால் முதல் கேள்வியே, அன்றைக்கு நீ அங்கே இருந்தாயா என்பதுதான்.

வியாழன்

பசுமைத் தீர்ப்பாயத்துக்கே போகலாம். 2010 சட்டப்படி தவறு யாருடையது என்று நாம் நிரூபிக்க வேண்டாம். ஐந்தாண்டுக்குள் மனு போட வேண்டும். தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மஹாலில். (2012-இல் அந்தக் கட்டடமே எரிந்து, தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரை விட்டார்.)

முன்னுதாரணம் குஜராத்தின் தஹேஜ். 2020 ஜூன் 3 அன்று யஷஸ்வி ரசாயன் ஆலையில் வெடித்து எரிந்தது. தீர்ப்பாயம் 25 கோடி ரூபாய் கட்டச் சொன்னது: இறந்தவர் குடும்பத்துக்கு 15 லட்சம், வீட்டை விட்டு வெளியேறியவர்களுக்குத் தலைக்கு 25,000. 1991-இன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் ஓர் உயிருக்கு வைத்த தொகையும் இதே 25,000தான். கருமாதிக்குக்கூடக் காணாது.

அத்திப்பள்ளியும் நினைவுக்கு வந்தது. 2023 அக்டோபர் 7, பட்டாசுக் கிடங்குத் தீ. தீபாவளி சீசன் வேலைக்குப் போன அரூர் அம்மாபேட்டைப் பையன்கள் அதில் போனார்கள். கர்நாடக அரசு 5 லட்சம், தமிழக அரசு 3 லட்சம் அறிவித்தன. பிணத்தைக் கணக்கில் இல்லை என்று எந்த மேஸ்திரியாலும் சொல்ல முடியாது. புகை குடித்துவிட்டு நடந்து வீடு வந்தவனைச் சொல்லிவிடலாம்.

சனி

பையனும் அப்பாவும் வந்தார்கள். வருகைப் பதிவேடு கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, மேஸ்திரிக்கு மேலே யார் என்றே தெரியாது. எரிந்த மறுநாள் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறான். ஓ.பி. சீட்டில் 'இருமல்' என்று ஒரே சொல், எதனால் என்று இல்லை.

போனைக் கேட்டு வாங்கினேன். அதில்தான் வழக்கே இருந்தது. வாராவாரம் சனிக்கிழமை மேஸ்திரி ஜிபேயில் போட்ட கூலி வரிசையாக நிற்கிறது. தீ எரியும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவில் தேதியும் நேரமும் இருக்கின்றன. பேரலில் ஒட்டிய லேபிள்கூடத் தெரிகிறது. அழிக்காமல் வைத்திரு என்றேன். அப்பா சிரித்தார். "எங்க மொதலாளி கூலி நோட்டையே அவரே வச்சிக்குவாரு சார். என் பேர் இருக்கிற காயிதம் எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

தகவல் உரிமைச் சட்டத்தில் தீயணைப்புத் துறை அறிக்கையைக் கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும். 1989 அபாயகர ரசாயன விதிகளின்படி அங்கே எது எவ்வளவு இருந்தது என்ற கணக்கும் வேண்டும். அது வந்தால்தான் பையனின் நுரையீரலையும் அந்தப் புகையையும் டாக்டர் சேர்த்து எழுத முடியும். ஊதிப் பார்க்கும் சோதனைக்குத் திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

தீர்ப்பாயத்தில், கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் கட்ட வேண்டாம், ஆனால் அதற்கும் சான்று காட்ட வேண்டும். அந்தம்மாவை இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன், சர்வர் வேலை செய்தால்.