கீமோ அறையில் ஒரு காலை

சென்னையில் ஒரு மருத்துவமனையின் கீமோ டே கேர் அறை. பத்து மணிக்கே கட்டில்கள் நிறைந்துவிட்டன. ஜன்னலோரம், சினைப்பைப் புற்றுநோய் மறுபடி தலைகாட்டிய ஓர் அம்மா. இன்று அவருக்கு லைப்போசோமல் டாக்ஸோரூபிசின்.

மருந்து கலக்கும் இடத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். சாதாரண டாக்ஸோரூபிசின் தெளிந்த சிவப்பு. இது லேசாகக் கலங்கிய சிவப்பு. அந்தக் கலங்கலில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏறக்குறைய 100 நானோமீட்டர் அளவில் கோடானுகோடி கொழுப்புக் குமிழிகள், உள்ளே மருந்து. மேலே பாலிஎத்திலீன் கிளைகால் பூச்சு இருப்பதால் உடம்பின் காவல் செல்கள் சட்டென்று விழுங்கிவிடுவதில்லை. நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றிவரும். ஜெருசலேமில் பாரென்ஹோல்ஸ், கபிசோன் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கியது. 1995-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2012-ல் அங்கே தட்டுப்பாடு வந்தபோது நம் நாட்டு சன் பார்மாவின் மருந்தைத்தான் வரவழைத்தார்கள்.

சிஸ்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்த பையை மாட்டினார். "இதுக்கு சலைன் ஆகவே ஆகாது சார்" என்றவர், பம்ப்பை நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் என்று மெதுவாக ஓடவிட்டு, அந்த அம்மாவிடம் குனிந்தார். "நெஞ்சு அடைச்சாலோ முதுகு வலிச்சாலோ உடனே கூப்பிடுங்கம்மா." அவசர மருந்துத் தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"இது கட்டிக்கு மட்டும் போற மருந்தாமே?" என்று அந்த அம்மாவின் மகள் கேட்டார். அப்படிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கட்டியின் ரத்தக் குழாய்களில் இடைவெளி அதிகம். குமிழிகள் அதன் வழியே கசியும் என்பது உண்மைதான். ஆனால் பத்தாண்டு கால விலங்கு ஆய்வுகளை டொரண்டோ ஆய்வாளர்கள் 2016-ல் தொகுத்தபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியை எட்டியதன் நடுமதிப்பு 0.7 சதவீதம்தான். இந்த மருந்தின் நிஜமான லாபம் வேறு. இதயத்தின் குழாய்ச் சுவரில் அந்த இடைவெளி இல்லாததால் குமிழிகள் அங்கே அதிகம் கசிவதில்லை. இதயம் கெடும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

பதிலுக்கு உள்ளங்கையும் பாதமும் அடி வாங்கிக்கொள்கின்றன. சிவந்து, எரிந்து, தோல் உரியும். ஒரு வாரமாவது சுடுநீரில் கை வைக்க வேண்டாம், இறுக்கமான செருப்பு வேண்டாம் என்று சிஸ்டர் இரண்டு முறை சொன்னார்.

வீட்டில் யாருக்காவது இந்த மருந்து ஏறுகிறதா? கை சிவந்தால் அடுத்த தேதிவரை பொறுக்காதீர்கள். டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது தள்ளிப்போடுவார். முன்பே டாக்ஸோரூபிசின் ஏறியிருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கட்டாயம் எடுத்துப்போங்கள். வாழ்நாளில் ஏறிய மொத்த அளவைக் கூட்டிப் பார்த்துத்தான் அவர் மேற்கொண்டு முடிவெடுக்க வேண்டும்.