ஏழு இசைத்தட்டுகளும் என் தராசும்

சுவை ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவருக்கு இனிப்பது மற்றவருக்குக் கசக்கும். நாவின் சுவைக்கு நாம் தாராளமாக அளிக்கும் இந்த உரிமையைச் செவியின் சுவைக்கு அவ்வளவு எளிதில் அளிப்பதில்லை. ஒரு மாணவன் எந்தப் பாட்டைக் கேட்கிறான் என்பதைக் கொண்டே அவனை எடைபோட்டு விடுகிறோம். நான் விரும்பிக் கேட்கும் இசையைக் கேட்ட அறை நண்பர், “மிக்சியில் ஆணியைப் போட்டு அரைக்கிறாயா?” என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அந்த இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கிற்குள் ஒரு மனிதன் இருக்கிறான். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்கிதாரின் ஒலியைத் திரித்து, சுருதியைத் தாழ்த்தி, கால்முரசை இருகால்களாலும் அதிரவிட்டு, உறுமும் குரலில் பாடும் இசைக்கு ‘டெத் மெட்டல்’ என்று பெயர். 1980களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இது தழைத்தது. அதன் முன்னோடிகளுள் ஒன்று ‘டெத்’ என்னும் குழு. அக்குழுவின் தலைவர் சக் ஷுல்டினர் 1967 மே 13ஆம் நாள் பிறந்தவர். அவருடைய ஒன்பதாம் வயதில் அண்ணன் இறந்துவிட, அந்தத் துயரை ஆற்றுவதற்காகப் பெற்றோர் ஒரு கிதார் வாங்கித் தந்தனர். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். மகனோ பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். பின்னாளில் அதற்காக வருந்தவும் செய்தார். 1987 முதல் 1998 வரை அவர் 7 இசைத்தட்டுகளை வெளியிட்டார். தட்டுக்குத் தட்டு உடன் வாசித்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தனர்.

இயற்பியல் படிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். தூய ஒலியலை ஒன்றின் முகட்டையும் அகட்டையும் வெட்டிவிட்டால், அதில் முன்பு இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. கிதாரின் ஒலியைத் திரிப்பது என்றால் இதுதான். இரு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகத் தோன்றும். விகிதம் சிக்கலானால் இவை ஒன்றோடொன்று மோதிக் கலங்கிப் போகும். ஆகவேதான் இவ்வகை இசையில் 2:3 என்னும் எளிய விகிதத்தில் அமைந்த இரட்டைச் சுரம் மிகுதியாக வருகிறது. இரைச்சல் என்று நாம் ஒதுக்குவது இவ்வளவு கணக்கோடு எழுப்பப்படுகிறது.

இனி என் தராசுக்கு வருகிறேன். மூன்று படிக்கற்களை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கருவியும் தன் வேலையைத் தனியே செய்தும் எல்லாம் ஒன்றாக நிற்கின்றனவா? மனித வாழ்வைப் பற்றி ஏதேனும் சொல்கிறதா? தட்டு முடிந்த பின்னும் உள்ளத்தில் ஏதேனும் தங்குகிறதா? இவை மூன்றே. கீழிருந்து மேலே செல்வோம்.

ஏழாம் இடம் ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ (1987). கிதார், பாஸ், குரல் ஆகிய மூன்றையும் ஷுல்டினரே ஏற்றார். முரசு கிறிஸ் ரைஃபர்ட். பேய்ப்படங்களில் வரும் நடைபிணங்களும் குருதியும்தான் பாடுபொருள். முரட்டுத்தனம் உண்டு, முதிர்ச்சி இல்லை. எனினும் ஒன்றை மறக்கக் கூடாது. இது வெளிவந்த மாதத்தில்தான் அவருக்கு 20 வயது நிறைந்தது. எனக்கும் இப்போது அதே வயது. அந்த வயதில் ஒரு முழுத் தட்டை உலகின் முன் வைத்தவரைக் கடைசியில் நிறுத்துகிறேனே தவிர, குறைத்து மதிப்பிடவில்லை.

ஆறாம் இடம் ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’ (1990). இங்கே பேய்கள் போய்விட்டன, சமுதாயம் வந்துவிட்டது. போதைக்கு அடிமையான தாய் பெற்ற பிள்ளை, கருக்கலைப்பு என்று பாடல்கள் நாட்டு நடப்பைத் தொடுகின்றன. ஜேம்ஸ் மர்பியின் கிதார் பளிச்சென்று ஒலிக்கிறது. ஆனால் கருத்து வளர்ந்த அளவுக்கு இசையின் கட்டமைப்பு வளரவில்லை. வளரும் பிள்ளைக்குப் பெரிதாகத் தைத்த சட்டை போல இது தொளதொளவென்று நிற்கிறது.

ஐந்தாம் இடம் ‘லெப்ரசி’ (1988). தொழுநோய் என்பது இதன் பொருள். டாம்பா நகரின் மாரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. காலத்தால் முந்தியதை ஏன் மேலே வைத்தாய் என்று கேட்கலாம். முன்னதைவிட இதில் ஒருமை மிகுதி. தேவையற்ற சுரம் ஒன்றுகூட இல்லை. ‘புல் தி பிளக்’ என்னும் பாடல், கருவிகளின் துணையால் மட்டுமே உயிர் தரித்திருக்கும் ஒரு நோயாளியின் குரல். நலமாக இருந்த இளைஞர் ஒருவர் நோய்ப்படுக்கையை அவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறாரே என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

நான்காம் இடம் ‘தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்’ (1998). விடாமுயற்சியின் ஒலி என்று தமிழாக்கலாம். இதுவே கடைசித் தட்டு. இதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று வாதிடுவோர் பலர். ரிச்சர்ட் கிறிஸ்டியின் முரசு அசாத்தியமானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பகுதிகள் சிறந்த அளவுக்குப் பாடல்கள் முழுமையாகச் சேரவில்லை. ஓர் அரிய பகுதி முடிந்ததும் மற்றோர் அரிய பகுதி வந்து நிற்கிறது. அன்றியும் தட்டின் இறுதியில் ‘ஜூடாஸ் பிரீஸ்ட்’ குழுவின் ‘பெயின்கில்லர்’ பாடலைப் பாடியிருக்கிறார். விருந்து முடியும் வேளையில் அடுத்த வீட்டுப் பாயசம் எதற்கு?

ஆனால் இத்தட்டில் ‘வாய்ஸ் ஆஃப் தி சோல்’ என்ற சொற்களற்ற பாடல் ஒன்று உண்டு. முரசு கிடையாது, கிதார்கள் மட்டுமே. சென்ற விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தந்தை பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். நான் என்ன படிக்கிறேன் என்று அவருக்கு விளக்க என்னிடம் சொற்கள் இல்லை. ஒவ்வொரு பருவம் முடியும்போதும் எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் குறைந்துகொண்டே வருகிறது. அவர் அருகில் வந்து அமர்ந்து பாட்டு முழுவதையும் கேட்டார். “யாரோ உள்ளுக்குள்ளயே அழுற மாதிரி இருக்குதுடா. இன்னொருக்கா போடு” என்றார். இரண்டாம் முறையும் கேட்டோம். அமெரிக்காவில் ஒருவர் வாசித்து வைத்ததை என் தந்தை மொழிபெயர்ப்பின்றிப் புரிந்துகொண்டார். அந்த ஒரு பாடலுக்கு மட்டும் மதிப்பெண் என்றால் நூற்றுக்கு நூறு. முழுத் தட்டுக்கு என்னும்போது நான்காம் இடம்தான். தராசு என்றால் அப்படித்தான்.

மூன்றாம் இடம் ‘இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்’ (1993). முரசில் ஜீன் ஹோக்லன், கிதாரில் ஸ்வீடன் நாட்டவரான ஆண்டி லாராக், பாஸில் ஸ்டீவ் டிஜார்ஜியோ. டிஜார்ஜியோ வாசிப்பது கழுத்தில் தடுப்புக் கம்பிகள் இல்லாத பாஸ். ஆகவே ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லலாம். அந்தப் பாஸின் போக்கை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தனியே ஒரு கதை நடப்பது தெரியும். நல்ல பட்டிமன்றத்தில் நான்கு வல்லவர்கள் ஒரே நேரத்தில் பேசியும் நால்வரும் சொல்வது புரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது. மூச்சுவிட இடமில்லை என்பது ஒன்றே குறை.

இரண்டாம் இடம் ‘சிம்பாலிக்’ (1995). இக்குழுவை முதன்முதலாகக் கேட்க விரும்புவோர்க்கு இதையே தருவேன். ஜிம் மாரிஸின் ஒலிப்பதிவு கண்ணாடி போல் தெளிவானது. ‘கிரிஸ்டல் மவுண்டன்’ பாடலின் முடிவில் மின்சாரமற்ற கிதார் ஒலிக்கும்போது கோடையில் கிணற்றடிக்கு வந்ததுபோல் இருக்கும். இழந்த பிள்ளைப்பருவத்தின் கள்ளமற்ற நிலையை எண்ணி ஏங்குவது இதன் தலைப்புப் பாடல். அகராதியை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாக அதைப் படித்தேன். ஊரை விட்டுப் படிக்க வந்த எவனுக்கும் அது தைக்கும். பிறகு ஏன் இதற்கு முதலிடம் இல்லை? எல்லாம் கைகூடிய ஒருவரின் படைப்பு இது. எதுவும் உறுதியில்லாத நேரத்தில் எழுந்த படைப்பு ஒன்று இதற்கு முன்பே வந்துவிட்டது.

அதுவே முதலிடம் பெறும் ‘ஹியூமன்’ (1991). 1990இல் ஐரோப்பியப் பயணத்துக்கு ஷுல்டினர் புறப்பட மறுத்தார். அவரில்லாமலேயே குழுவின் பெயரால் மற்றவர்கள் சென்று வாசித்துவிட்டு வந்தனர். அவர்களை விலக்கினார். பெயர் கெட்டிருந்தது, குழு இல்லை, வயது 24. பழைய பாணியிலேயே இன்னொரு தட்டு போட்டிருந்தால் வாங்குவோர் வாங்கியிருப்பர். அவரோ பால் மாஸ்விடல், ஷான் ரைனர்ட் என்ற இருவரை அழைத்தார். ‘சினிக்’ என்னும் குழுவை நடத்திய அவ்விருவரும் தங்கள் முதல் முழுத் தட்டைக்கூட அப்போது வெளியிட்டிருக்கவில்லை. இருவருக்கும் வயது 20.

தட்டின் தொடக்கத்தில் ரைனர்ட்டின் முரசு எங்கோ தொலைவிலிருந்து எழுந்து வருகிறது. தாளக்கட்டு நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழுவதில்லை. எண்ணிக்கொண்டே கேட்டால்தான் எங்கே திரும்புகிறது என்று பிடிபடும். ‘காஸ்மிக் சீ’ என்னும் சொற்களற்ற பாடல் விண்வெளிக்கே அழைத்துச் செல்கிறது. மொத்தம் 8 பாடல்கள், ஏறத்தாழ 34 நிமிடம். ஒரு நொடிகூட மிகையில்லை. முதற்பதிப்பில் அமுங்கிக் கிடந்த டிஜார்ஜியோவின் பாஸ் 2011இல் வந்த மறுபதிப்பில் நன்கு கேட்கிறது. என் படிக்கற்கள் மூன்றிலும் இது தாழவில்லை. பழகிய பாதையை விட்டுப் புதுப்பாதையில் கால்வைக்கும் ஒருவனின் அச்சமும் துணிவும் இதில் ஒருங்கே ஒலிக்கின்றன. என் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரிப் படியேறியவர் இல்லை. ஆகவே எல்லாம் கைகூடிய ஒலியைவிட இந்த ஒலிதான் எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

1999இல், தம் 32ஆம் பிறந்தநாளன்று, மூளையில் கட்டி இருப்பதை ஷுல்டினர் அறிந்தார். மருத்துவச் செலவு குடும்பத்தை வாட்டியது. இசைக்கலைஞர்களும் கேட்போரும் நிதி திரட்டினர். 2001 டிசம்பர் 13ஆம் நாள், 34ஆம் வயதில் அவர் மறைந்தார். ஷான் ரைனர்ட்டும் 2020இல் மறைந்தார்.

தேர்வுக்கு உதவாத இந்த வரிசையால் என்ன பயன் என்று கேட்கலாம். எது நல்ல பாடம், எது நல்ல வேலை, எது நல்ல வாழ்க்கை என்றெல்லாம் நமக்குப் பிறர் சொல்லித் தந்துகொண்டே இருக்கின்றனர். நம்மைவிட அறிந்தவர்கள் என்பதால் கேட்டுக்கொள்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஏதேனும் ஒரு பொருளிலாவது நம் செவியால் கேட்டு, நம் படிக்கல்லால் நிறுத்து, காரணத்தோடு ‘இது என் முடிவு’ என்று சொல்லப் பழக வேண்டாமா? எனக்கு அந்தப் பயிற்சி இந்த ஏழு தட்டுகளில் கிடைத்தது. உங்களுக்கு அது கர்நாடக இசையாக இருக்கலாம், திரைப்பாடலாக இருக்கலாம், நாட்டுப்புறப் பாட்டாக இருக்கலாம். உங்கள் வரிசையையும் காரணங்களையும் அடுத்த ஆண்டு மலரில் எழுதுங்கள். கேட்க ஆவலாக இருக்கிறேன்.